4294967297 பயனற்ற எண் அன்று: கணிதக் கண்காட்சி நடுவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களுக்கும் கண்காட்சியை ஒழுங்குசெய்த குழுவினருக்கும்,

கடந்த மாதம் திருகோணமலை நகரில் நீங்கள் நடத்திய மாணவர் கணிதக் கண்காட்சியில், தரம் 10இல் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் ஆக்கம் காட்சிக்கு வைக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டது. ‘பயன்பாடு இல்லை, இயங்கும் மாதிரி இல்லை, இணையத்திலிருந்து பெறப்பட்டது’ என்று மூன்று காரணங்கள் அவளது படிவத்தில் எழுதப்பட்டிருந்தன. இரண்டு கிழமைகள் கழித்துப் பாடசாலைக்கு வந்த உங்கள் அறிவித்தலில், அடுத்த ஆண்டு முதல் ‘தனி எண்கள் பற்றிய விவரணங்கள்’ ஏற்றுக்கொள்ளப்படமாட்டா என்ற புதிய விதி ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலாவது முடிவோடு விடயம் நின்றிருந்தால், ஒரு பிள்ளைக்கு நேர்ந்த தவறு என்று கருதி நேரில் பேசித் தீர்த்திருப்பேன். இரண்டாவது முடிவு இனி வரப்போகும் பிள்ளைகள் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

அவள் எடுத்துக்கொண்ட எண் 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. விநாடிக்கு ஒன்றாக ஒருவர் உறங்காமல் எண்ணினாலும் அதை எண்ணி முடிக்க 136 ஆண்டுகள் செல்லும். இவ்வளவு பெரிய எண்ணை ஒரு பள்ளிப் பிள்ளை ஏன் தேடிப் பிடித்தாள் என்று உங்களில் ஒருவராவது கேட்டிருந்தால், இந்த மடலின் பாதியை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

கேத்திரகணித அமைப்புகள் பாடத்தில், நேர்விளிம்பும் கவராயமும் கொண்டு சமபக்க முக்கோணி, சதுரம், ஒழுங்கான அறுகோணி ஆகியவற்றை வகுப்பு அமைத்து முடித்திருந்தது. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளையும் ஒரு வட்டத்தின் மேல் ஏழு புள்ளிகளாக வைத்து ஓர் அலங்காரம் வரைய வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு ஆசை. மூன்று நாட்களின் பின், கவராய முனை குத்திக் குத்தித் துளை விழுந்த தாள் ஒன்றைக் கொண்டு வந்து, “ஏழு பக்கம் மட்டும் ஏன் ரீச்சர் மூடுதில்லை?” என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கம் ஒரு நூலளவு கூடியோ குறைந்தோ நின்றிருந்தது. பிழை அவளுடைய கையில் இல்லை. ஒழுங்கான எழுகோணியை அந்த இரண்டு கருவிகளால் மட்டும் எவராலும் மிகச் சரியாக அமைக்க முடியாது.

அதற்குரிய விளக்கம்தான் அவளை இந்த எண்ணிடம் கொண்டு சென்றது. 2ஐ எடுத்து வர்க்கித்துக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536 என்று வரும். ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இந்த ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பாலும் கவராயத்தாலும் அமைக்கலாம் என்று 1796ஆம் ஆண்டு, இருபது வயதைத் தொடாத கணிதவியலாளர் கவுஸ் கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கையில் உள்ள ஒற்றை முதன்மைக் காரணிகள் யாவும் இந்த வகை எண்களாக இருந்து, ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் வந்தால் பல்கோணியை அமைக்கலாம், இல்லையென்றால் முடியாது. முடியாது என்ற பகுதிக்கான நிறுவலை 1837இல் வான்ட்செல் வெளியிட்டார். 7 இந்த வகையில் சேராது. கன்னியாவின் ஏழு கிணறுகள் வட்டத்தில் மூடாமற் போனதன் காரணம் அவ்வளவுதான்.

பிள்ளையின் அடுத்த கேள்வி, கணிதம் கற்பிக்கும் எவரையும் மகிழ்விக்கக்கூடியது. 65537க்கு அடுத்தது என்ன? 65536ஐ வர்க்கித்தால் 4294967296, ஒன்றைக் கூட்டினால் 4294967297. இதுவும் முதன்மை எண்ணா? 1640ஆம் ஆண்டு பிரான்சில் கணிதவியலாளர் பெர்மா இதே கேள்வியை எதிர்கொண்டார். இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் முதன்மை எண்களே என்று நம்பினார், ஆனால் நிறுவவில்லை. 1729ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோல்ட்பாக் ஒரு கடிதத்தின் வழியாக இந்தக் கூற்றை 22 வயதுக் கணிதவியலாளர் ஒயிலரிடம் கொண்டு சேர்த்தார். (இராமானுசனின் பெயரோடு நாம் நினைவில் வைத்திருக்கும் அதே 1729 ஓர் ஆண்டாகவும் இங்கே வந்து நிற்பதைப் பிள்ளைதான் எனக்குக் காட்டினாள்.) மூன்று ஆண்டுகளின் பின், 1732இல், ஒயிலர் விடை சொன்னார். அந்த விடையை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் வகுக்கத் தொடங்கினாள். சீ.ஆர். கொப்பியின் முதல் 22 பக்கங்கள் நெடுவகுத்தலால் நிறைந்திருக்கின்றன. 2இல் தொடங்கி, முதன்மை எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாற்பதாவது முதன்மை எண்ணாகிய 173 வரை சென்றிருக்கிறாள். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. அந்த இடத்தில் நின்று, இன்னும் எத்தனை மிச்சம் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டுவதால் அதுவரையுள்ள 6542 முதன்மை எண்களையும் பரிசோதிக்க வேண்டும். நாளுக்கு ஐந்து வகுத்தால் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ‘வேறு வழி இருக்க வேணும்’ என்று அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். நடுவர்களே, கணிதம் பிறக்கும் இடம் அந்த வரிதான். எந்த இணையத்தளத்திலிருந்தும் அதை இறக்க முடியாது.

வழி இருந்தது. அதை நான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் எண் 2இன் 32ஆம் வலுவுடன் ஒன்றைக் கூட்டி வருவது. அதை ஒரு முதன்மை எண் வகுக்குமானால், அந்த வகுக்கும் எண் 64இன் மடங்கு ஒன்றுடன் 1ஐக் கூட்டியதாகவே இருக்க வேண்டும். இதற்கு அடிப்படையான தேற்றத்தையும் பெர்மாவே அதே 1640ஆம் ஆண்டில் கூறியிருந்தார். தன் நம்பிக்கையைத் தகர்க்கும் திறவுகோல் அவரது கையிலேயே இருந்திருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று செல்லும் எண்கள் மட்டுமே. அவற்றிலும் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே முதன்மை எண்கள். பழைய வழியிற் போயிருந்தால் 641ஐ அடைய 116 வகுத்தல்கள் செய்திருக்க வேண்டும், ஏனெனில் அது 116ஆவது முதன்மை எண். இப்போது ஐந்தாவது அடியிலேயே அது வந்துவிடுகிறது.

பத்து இலக்க எண்ணை வகுக்கவும் தேவையில்லை என்பதைப் பிள்ளை தானாகக் கண்டாள். மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கித்தால் போதும். 641ஆல் வகுக்கும்போது 65536 தரும் மீதி 154. 154இன் வர்க்கம் 23716. அதனுடன் 1ஐக் கூட்டினால் 23717, அது 641இன் 37 மடங்கு. முடிந்தது. ஐந்து முதன்மை எண்களுக்கும் அவள் டிமைத் தாளில் எழுதிய கடைசி மீதிகள் 109, 2, 325, 288, 0. அந்தப் பூச்சியத்தைச் சுற்றி அவள் வட்டமிடவில்லை, நிறம் தீட்டவில்லை. மற்ற நான்கையும் போலவே அதையும் எழுதிவிட்டு, கீழே 4294967297 = 641 × 6700417 என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

அந்த வரியில் முதலில் ஒரு பிழையும் இருந்தது. இரண்டாவது காரணியை 6700407 என்று எழுதியிருந்தாள். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பழைய முறையைக் கொண்டு அவளே அதைப் பிடித்தாள். 4294967297இன் இலக்கங்களைக் கூட்டக் கூட்டக் கடைசியில் 5 வரும். 641க்கு 2. பிழையான எண்ணுக்கு 6. இரண்டையும் ஆறையும் பெருக்க வரும் 12, 3 ஆகச் சுருங்குமே தவிர 5 ஆகாது. திருத்திய எண்ணுக்கு 7, ஈரேழு 14, அது 5. அழித்த தடம் கொப்பியில் இன்னும் இருக்கிறது. பார்த்து எழுதிய பிள்ளையின் கொப்பியில் இப்படியான தடங்கள் இருப்பதில்லை. அது மட்டும் அன்று: தானாகக் கண்டவற்றைப் பச்சைப் பேனையாலும், நான் சொன்னவற்றையும் நூலகப் புத்தகத்தில் வாசித்தவற்றையும் சிவப்புப் பேனையாலும் ஓரத்தில் கோடிட்டுப் பிரித்து வைத்திருக்கிறாள். 5இன் நான்காம் வலுவுடன் 2இன் நான்காம் வலுவைக் கூட்டினால் 641 வரும், 2இன் ஏழாம் வலுவின் ஐந்து மடங்குடன் 1ஐக் கூட்டினாலும் 641 வரும், இவ்விரண்டையும் சேர்த்தால் வகுக்காமலே விடை கிடைக்கும் என்ற அழகான நிறுவலுக்கு அருகே ‘இது ரீச்சர் சொன்னது’ என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கொப்பிக்குத்தான் ‘இணையத்திலிருந்து பெறப்பட்டது’ என்ற முத்திரை கிடைத்தது.

6700417ஐ அவள் அப்படியே விட்டுவிடவும் இல்லை. அது மேலும் பிரியுமா? 1878இல் லூக்கா காட்டிய கூர்மையான நிபந்தனையின்படி, இங்கே வகுக்கக்கூடிய முதன்மை எண்கள் 128இன் மடங்குடன் 1ஐக் கூட்டியவை. 6700417இன் வர்க்கமூலம் 2589க்குச் சற்றுக் குறைவு. அதுவரை அத்தகைய முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. ஐந்தாலும் வகுத்தாள், மீதிகள் 170, 44, 120, 334, 622. ஆகவே 6700417 முதன்மை எண். ஏழு இலக்க எண் ஒன்று முதன்மை எண் என்பதைக் கணிப்பான் இல்லாமல் அரைப் பக்கத்தில் நிறுவிய ஒரு தரம் 10 மாணவியை என் ஆசிரியப் பணியில் இதற்கு முன் நான் கண்டதில்லை.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அந்த ஆக்கத்தின் உயிர் அதில்தான் இருந்தது. ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுத முடிந்தால் அது முதன்மை எண்ணாக இருக்க முடியாது என்பதும் ஒயிலர் காட்டியதே. எங்கள் எண்ணுக்கு ஒரு வழி பார்த்தவுடனே தெரியும்: 65536இன் வர்க்கமும் 1இன் வர்க்கமும். மற்ற வழி எங்கே ஒளிந்திருக்கிறது? 641 என்பது 25இன் வர்க்கமும் 4இன் வர்க்கமும். 6700417 என்பது 2556இன் வர்க்கமும் 409இன் வர்க்கமும். இந்த நான்கு எண்களையும் பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் சர்வசமன்பாட்டின்படி குறுக்கே பெருக்கிக் கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து அவள் அதைச் செய்தாள். ஒரு பக்கம் கழித்தும் மறுபக்கம் கூட்டியும் பார்த்தபோது 62264, 20449 என்று இரண்டு எண்கள் வந்தன. குறிகளை மாற்றி மறுபடியும் செய்தாள். 25 தரம் 2556 என்பது 63900, அதனுடன் 4 தரம் 409 ஆகிய 1636ஐக் கூட்டினால் 65536. அவளுடைய பேனை அங்கே நின்றது. பிறகு மெதுவாக, 25 தரம் 409 ஆகிய 10225ஐயும் 4 தரம் 2556 ஆகிய 10224ஐயும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். கழித்தால் 1. நாங்கள் தொடங்கிய அதே 1.

அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பிவிட்டு, அந்த 1இன் மேல் விரலை வைத்தபடி இருந்தாள். கணித ஆசிரியையாக என் வாழ்நாளில் கண்ட கழித்தல்களில் அதுதான் மிக அழகானது. மறுநாள், 20449 என்பது 143இன் வர்க்கம் என்றும், ஆகவே அந்தப் பத்து இலக்க எண் 62264இன் வர்க்கமும் 143இன் நான்காம் வலுவும் சேர்ந்தது என்றும் பச்சைப் பேனைக் கோட்டுடன் எழுதிக்கொண்டு வந்தாள்.

‘இயங்கும் மாதிரி இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். கறுப்பு நிறப் பிறிஸ்டல் அட்டையில் வெள்ளை வர்ணத்தால் அவள் இட்டிருந்த கோலத்தை நீங்கள் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலும். அது பஸ்காலின் முக்கோணி. உச்சியில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே ஒவ்வொரு வரிசையிலும், மேலே உள்ள இரண்டு இடங்களும் ஒரே மாதிரி இருந்தால் வெறுமை, வேறு வேறாக இருந்தால் புள்ளி. ஓரங்களில் எப்போதும் புள்ளி. விதி அவ்வளவுதான், ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். 33 வரிசைகளில் மொத்தம் 561 இடங்கள், அவற்றில் 245இல் புள்ளிகள். உச்சியைப் பூச்சியமாவது வரிசை என்று கொண்டு, புள்ளியை 1 என்றும் வெறுமையை 0 என்றும் துவித எண்ணாக வாசித்தால் முதல் வரிசை 3, இரண்டாவது 5, மூன்றாவது 15, நான்காவது 17, ஐந்தாவது 51. எட்டாவது 257. பதினாறாவது 65537. முதல் வரிசையிலிருந்து 31ஆவது வரிசை வரை வரும் எண்கள் தாம், நேர்விளிம்பாலும் கவராயத்தாலும் அமைக்கலாம் என்று இன்று அறியப்பட்ட ஒழுங்கான பல்கோணிகளின் பக்க எண்ணிக்கைகளுள் ஒற்றை எண்களாக உள்ளவை, அவை முப்பத்தொன்றே. 31ஆவது வரிசை முழுவதும் புள்ளிகள். அதை வாசித்தால் 4294967295, அதாவது 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தின் பெருக்கம். அடுத்த வரிசையில் இரு ஓரங்களிலும் இரண்டே புள்ளிகள், நடுவில் 31 வெறுமைகள். அந்த வரிசைதான் 4294967297. வாசலில் இடும் கோலத்தின் விதியைப் போன்ற ஒன்றைக் கொண்டு, இருநூறு ஆண்டுக் கேத்திரகணிதத்தை ஒரே அட்டையில் அவள் இயங்க வைத்திருந்தாள். 4294967295 பக்கங்கள் உள்ள பல்கோணியை அமைக்கலாம், அதனிலும் இரண்டு பக்கம் கூடியதை ஒருபோதும் அமைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் அறியேன்.

‘பயன்பாடு இல்லை’ என்ற காரணத்துக்கும் விடை சொல்கிறேன். 2இன் 32ஆம் வலு, அதாவது எங்கள் எண்ணுக்கு ஒன்று குறைவானது, இணையத்தின் நான்காம் பதிப்பு நெறிமுறையில் இருக்கக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கை. உலகத்துக்கு அது போதாமற் போய், மையக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. இதே வரிசையில் முன்னால் நிற்கும் 65537, வங்கிக் கணக்குக்குள் நாம் பாதுகாப்பாக நுழைவதற்கான மறைகுறியாக்கத்தில் பரவலாகப் பயன்படும் எண். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக்கி நெல் வைக்கும் கதையை நாம் எல்லோரும் அறிவோம். பலகையின் முதற் பாதியில் சேரும் நெல்மணிகள் 4294967295. ஆயிரம் மணிகளின் நிறை ஏறத்தாழ 25 கிராம் என்று கொண்டால் அது 107 தொன்னைத் தாண்டும். தம்பலகாமத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு கண்ணுக்குத் தெரியும். இவை அனைத்தும் அவளது மூன்றாவது அட்டையில் இருந்தன.

ஆயினும் இந்தப் பயன்களைக் காட்டி மட்டும் அந்த ஆக்கத்துக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஒயிலர் 641ஐக் கண்டபோது அவருக்கு முன்னால் கணினியும் இல்லை, முகவரியும் இல்லை. ஓர் உண்மை தெரிய வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே இருந்தது. 1812இல் அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்கு அழைத்துவரப்பட்ட சீரா கோல்பேர்ண் என்ற எட்டு வயதளவிலான சிறுவனிடம் இதே எண்ணைக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டார்கள். அவன் மனக்கணக்காகவே 641ஐச் சொன்னான். அவனிடம் எவரும் இதனால் என்ன பயன் என்று கேட்டதாக நான் வாசித்ததில்லை.

பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது என்றும் உங்களில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். முதன்மை எண்கள், காரணிகள், சுட்டிகள், துவித எண்கள், கேத்திரகணித அமைப்புகள் எல்லாம் எங்கள் பாடப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. தனித்தனி அலகுகளாகக் கிடந்தவற்றை ஒரே எண்ணுக்குள் ஒன்றாகப் பார்த்தது மட்டும் பிள்ளையுடையது. பாடத்தின் எல்லையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் இன்றும் விடையில்லாத கேள்விகள் நிற்கின்றன. இந்த வரிசையில் ஆறாவது முதன்மை எண் ஒன்றை இதுவரை எவரும் காணவில்லை. 4294967297இல் தொடங்கி அடுத்தடுத்து வரும் 28 எண்களும் சேர்த்தி எண்கள், அதாவது சிறிய காரணிகளாகப் பிரியக்கூடியவை, என்று தெரியும். அதற்கு அடுத்தது, 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது, முதன்மை எண்ணா இல்லையா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. ‘இதை நான் செய்யலாமா?’ என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறாள். உங்கள் புதிய விதி அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று பதில் சொல்கிறது.

அன்று நடந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். மழை என்பதால் அட்டைகளைச் சுருட்டி, அவளது தந்தை வெட்டிக் கொடுத்த பிவிசி குழாய் ஒன்றுக்குள் வைத்து, இரு முனைகளையும் பொலித்தீனால் கட்டி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தோம். கரைவலை இழுக்கும் அந்த மனிதர் முந்தின இரவு அந்தக் குழாயின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தார், அட்டை கிழியாமல் இருப்பதற்காக. நடுவர்கள் இருவர் மேசைக்கு வந்தார்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். அவள் மீதி அட்டவணையின் முதல் வரிசையை விளக்கத் தொடங்கினாள், இரண்டாவது வரிசைக்குப் போவதற்குள் அவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். கொப்பியில் நான் மாட்டிவிட்ட இறப்பர் வளையம் அப்படியே இருந்தது. அதைக் கழற்றி ஒரு பக்கமாவது புரட்டப்படவில்லை. மாலையில் படிவம் வந்தது. அதன் பின்னரே, இணையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்பை எழுதிவிட்டுச் சான்றைக் கேட்டது எந்த முறைக்கும் பொருந்தாது. கொப்பி இன்னும் திரும்பி வரவில்லை. அன்று பரிசு பெற்ற நீர்மட்டம் காட்டும் கருவியும் நிழலளவு மானியும் நல்ல ஆக்கங்கள், அவற்றைச் செய்த பிள்ளைகள் பாராட்டுக்குரியவர்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்கு இவளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் முறைப்பாடு.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. மாணவியின் சீ.ஆர். கொப்பியை இந்த மாத முடிவுக்குள் பாடசாலைக்குத் திருப்பி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் கணிதம் படித்த ஒருவர் அதை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, தன் கருத்தை எழுத்தில் தர வேண்டும். பிழைகள் இருந்தால் பிழைகளையும் சுட்டிக் காட்டட்டும், அவள் அதை விரும்புவாள். படிவத்தில் உள்ள ‘இணையத்திலிருந்து பெறப்பட்டது’ என்ற வரிக்கு ஆதாரம் இருந்தால் எந்தப் பக்கம், எங்கிருந்து என்று காட்டுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எழுத்துமூலம் மீளப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாணவியின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டு அது, வாய்மொழி வருத்தம் போதாது.

தனி எண்கள் பற்றிய ஆக்கங்களைத் தடைசெய்யும் விதியை அடுத்த ஆண்டுக்கான அறிவித்தல் இறுதியாக்கப்படும் முன் நீக்குங்கள். அதற்குப் பதிலாக, எண்களும் நிறுவல்களும் என்று தனிப் பிரிவொன்றைத் திறந்து, அதில் இயங்கும் மாதிரி கட்டாயமில்லை என்று தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆக்கத்தோடும் வரும் செயற்குறிப்புக் கொப்பியை நடுவர்கள் முன்கூட்டியே வாசிப்பதும், மாணவருக்குத் தம் ஆக்கத்தை விளக்கக் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் கொடுப்பதும், ஆக்கம் ஒன்று நிராகரிக்கப்படுமானால் முடிவை எழுதுவதற்கு முன்பே மாணவரின் பதிலைக் கேட்பதும் மதிப்பீட்டு விதிகளில் சேர்க்கப்பட வேண்டும்.

கறுப்பு அட்டை என்னிடம் இருக்கிறது, ஓர் ஓரம் மட்டும் மடிந்திருக்கிறது. நீங்கள் நாள் ஒன்றைக் குறித்துச் சொன்னால் மாணவியையும் அட்டையையும் அழைத்துக்கொண்டு நகரத்துக்கு வருகிறேன். 32ஆவது வரிசையை அவளே உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.